சர்க்கரை குறைத்த ஆப்பிள் டோனட்: பொரிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டில் டோனட் பொரிப்பவர்கள் சர்க்கரையைக் குறைக்க நினைத்ததும் ஒரே மாதிரியான சந்தேகங்களில்தான் வந்து நிற்கிறார்கள். மாவு பொங்குமா, நிறம் வருமா, போட்ட ஆப்பிள் வாசனை எங்கே போனது, உள்ளே ஏன் பிசுபிசுவென்று இருக்கிறது. திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால். தனியாகச் சொல்லாத இடங்களில் அளவுகள் எல்லாம் 12 டோனட்டுக்கு.

சர்க்கரை குறைச்சதுன்னா எவ்வளவு குறைச்சது? சுத்தமா சர்க்கரையே இருக்காதா?

இருக்கும். வழக்கமான முறையில் 300 கிராம் மைதாவுக்கு மாவில் 50 கிராம் சர்க்கரையும், மேலே ஊற்றும் பாகுக்கு 150 கிராம் பொடித்த சர்க்கரையும் போகும். 12 ஆகப் பிரித்தால் ஒரு டோனட்டில் 16, 17 கிராம். அதாவது நான்கு தேக்கரண்டி. இங்கே சொல்லும் முறையில் மாவுக்கு 15 கிராம், மேலே தூவ 15 கிராம். ஒன்றுக்கு 2.5 கிராம்தான் வருகிறது. ஆப்பிளில் இயல்பாகவே இருக்கும் சர்க்கரை ஒன்றுக்குச் சுமார் 3 கிராம் கூடுதலாகச் சேரும். அதைக் கணக்கில் விட்டுவிட்டு ‘சர்க்கரை இல்லாத டோனட்’ என்று பெயர் வைப்பது சரியல்ல.

இவ்வளவு குறைத்தும் இனிப்பு தெரிவதற்குக் காரணம், சர்க்கரை இருக்கும் இடம். மாவுக்குள் கரைந்த சர்க்கரையில் ஒரு பகுதி நாக்குக்குத் தெரியாமலே வயிற்றுக்குப் போய்விடுகிறது. மேல்புறத்தில் ஒட்டிய சர்க்கரை முதல் கடியிலேயே நாக்கில் படுகிறது. எனவே மாவிலிருந்து எடுத்து மேலே வையுங்கள், அளவையும் குறையுங்கள். மீதி வேலையை ஆப்பிளின் புளிப்பும் ஒரு சிட்டிகை உப்பும் பார்த்துக்கொள்ளும்.

என்னென்ன எவ்வளவு வேணும்?

மைதா 300 கிராம், சர்க்கரை 15 கிராம் (ஒரு மேசைக்கரண்டி, சற்றுக் கோபுரமாக), இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம் (ஒன்றரை தேக்கரண்டி), உப்பு 4 கிராம் (முக்கால் தேக்கரண்டி), பட்டைத்தூள் அரை தேக்கரண்டி, சுண்டக் காய்ச்சிய ஆப்பிள் விழுது 120 கிராம், வெதுவெதுப்பான பால் 80 மி.லி., முட்டை ஒன்று, மென்மையான வெண்ணெய் 30 கிராம். மேலே தூவப் பொடித்த சர்க்கரை 15 கிராம், பட்டைத்தூள் ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. பொரிக்க ஒரு லிட்டர் எண்ணெய்.

மொத்த மாவு 600 கிராமை ஒட்டி வரும். 50 கிராம் உருண்டையாக எடுத்தால் 12 சரியாகத் தேறும். தராசு இல்லாமல் டம்ளர் கணக்கில் செய்யலாம் என்றாலும், விழுதை மட்டுமாவது எடை போடுங்கள். சொதப்பல்களில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

எந்த ஆப்பிள் வாங்கறது? விலை கூடினதுதான் நல்லா இருக்குமா?

விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புளிப்பு இருக்க வேண்டும், அவ்வளவுதான். நம் பக்கம் சிம்லா ஆப்பிள், காஷ்மீர் ஆப்பிள் என்று விற்பவற்றில் பெரும்பாலானவை டெலிசியஸ் வகை. இனிப்பு உண்டு, புளிப்பு குறைவு. வெந்ததும் சப்பென்று ஆகிவிடும். பச்சை நிறத்தில் வரும் கிரானி ஸ்மித் புளிப்பானது, காய்ச்சினாலும் குணம் மாறாது. இரண்டு சிவப்புக்கு ஒரு பச்சை என்று கலந்தால் செலவும் அடங்கும், சுவையும் நிற்கும்.

பச்சை ஆப்பிள் கிடைக்காத ஊரில் சிவப்பையே எடுத்து, விழுது இறக்கும்போது இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடுங்கள். நாள்பட்டு மாவு மாவாகிப்போன ஆப்பிளை வாங்க வேண்டாம். அதில் புளிப்பும் போயிருக்கும், மணமும் போயிருக்கும்.

ஆப்பிளைத் துருவி அப்படியே மாவுல போட்டுடலாமே, எதுக்குக் காய்ச்சணும்?

ஆப்பிளின் எடையில் சுமார் 85 சதவீதம் தண்ணீர். பச்சைத் துருவலில் உப்பும் சர்க்கரையும் பட்டதும் அந்தத் தண்ணீர் வெளியே வரும். பிசையும்போது சரியாக இருந்த மாவு ஒரு மணி நேரத்தில் கூழாகிவிடும். அதைச் சரிக்கட்ட மைதாவை அள்ளிப் போட்டால் டோனட் கல்லாகும். துருவல் இருக்கும் இடங்களைச் சுற்றி மாவு வேகாமல் ஈரமாக நிற்பதும், எண்ணெய் படபடவென்று தெறிப்பதும் இதே காரணத்தால்தான்.

விழுது செய்ய: 500 கிராம் ஆப்பிளைத் தோல் சீவி, விதைப்பகுதி நீக்கினால் 400 கிராம் அளவு வரும். சிறு துண்டுகளாக்கி, கால் டம்ளர் தண்ணீர் விட்டு மூடி, சிறு தீயில் 10 நிமிடம் வேகவிடுங்கள். சீவிய தோலைத் துணியில் முடிச்சாகக் கட்டி அதிலேயே போடுங்கள். தோலில்தான் மணமும் நிறமும் அதிகம். வெந்ததும் முடிச்சைப் பிழிந்து எடுத்துவிட்டு, மசித்து, மூடியைத் திறந்து வைத்து அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருங்கள். 150 கிராமாகச் சுண்ட வேண்டும். கரண்டியால் சட்டியின் அடியில் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு உடனே மூடாமல் இரண்டு விநாடி நிற்கும், அதுதான் பதம். எலுமிச்சைச் சாறு விடுவதானால் அடுப்பை அணைத்த பிறகு விடுங்கள். முழுக்க ஆறிய பிறகே மாவில் சேர்க்க வேண்டும்.

மாவுக்கு 120 கிராம் போனபின் மிஞ்சும் 30 கிராமை எடுத்து வையுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

சர்க்கரை கம்மி பண்ணா ஈஸ்ட் பொங்காதே?

பொங்கும். ஈஸ்ட்டுக்குத் தீனி சர்க்கரைக் கிண்ணத்திலிருந்து மட்டும் வருவதில்லை. மாவில் இருக்கும் நொதிகள் மாவுச்சத்தை உடைத்து மால்டோஸ் என்ற சர்க்கரையைத் தருகின்றன. ஆப்பிளிலும் சர்க்கரை உண்டு. உண்மையில் சர்க்கரை அதிகமான மாவில்தான் ஈஸ்ட் திணறும், ஏனென்றால் சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது.

பொங்கவில்லை என்றால் வேறு இரண்டு இடங்களில் பாருங்கள். ஒன்று, பாலின் சூடு. விரலை விட்டால் சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. 37 முதல் 40 டிகிரி. 55 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் சாகத் தொடங்கும். இன்னொன்று பட்டைத்தூள். மணம் வேண்டும் என்று இரண்டு மூன்று தேக்கரண்டி மாவிலேயே கொட்டுகிறார்கள். பட்டையில் இருக்கும் காரமான எண்ணெய் ஈஸ்ட்டை மந்தமாக்கும். மாவுக்கு அரை தேக்கரண்டி போதும், மீதி மேலே தூவுவதற்கு.

பிசையறப்போ கையெல்லாம் ஒட்டுது. இன்னும் கொஞ்சம் மைதா போட்டுக்கலாமா?

போடாதீர்கள். இது சப்பாத்தி மாவு அல்ல. முதல் ஐந்து நிமிடம் ஒட்டத்தான் செய்யும். வெண்ணெயைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சேர்த்துக் கலந்து, மூடி 15 நிமிடம் விட்டுவிடுங்கள். மாவு தண்ணீரை இழுத்துக்கொண்டு பாதிப் பிசைதலை அதுவே முடித்திருக்கும். அதன்பின் வெண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, மேடையில் அடித்து இழுத்து மடித்து 10 நிமிடம் பிசையுங்கள். ஒரு சிறு துண்டை எடுத்து விரித்தால் உடனே கிழியாமல் மெல்லிய சவ்வுபோல் வர வேண்டும்.

அப்போதும் கூழாகவே இருந்தால் விழுது சுண்டவில்லை என்று பொருள். அந்த ஒரு நிலையில் மட்டும் இரண்டு மேசைக்கரண்டி மைதா சேர்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

பிசைந்ததை எண்ணெய் தடவிய பாத்திரத்தில் மூடி வையுங்கள். சென்னை, மதுரை வெயிலில் 45 முதல் 60 நிமிடத்தில் இரண்டு மடங்காகும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள்.

டோனட் அச்சு இல்லை. வட்டமா எப்படி வெட்டறது?

மாவை 12 மி.மீ. கனத்துக்குப் பரத்தி, விளிம்பு மெல்லியதாக இருக்கும் எவர்சில்வர் டம்ளரால் வெட்டி, நடுவில் தண்ணீர் பாட்டில் மூடியால் ஓட்டை போடுங்கள். ஓட்டை இரண்டரை செ.மீ.யாவது இருக்கட்டும், பொங்கும்போது சுருங்கிவிடும். வெட்டும்போது டம்ளரைத் திருகக் கூடாது. திருகினால் விளிம்பு ஒட்டிப்போய் ஒரு பக்கம் மட்டும் எழும்பும். மெதுவடைக்குச் செய்வதுபோல் உருண்டையின் நடுவில் விரலால் துளைத்து அகட்டினாலும் சரிதான். அதில் மாவும் வீணாகாது.

வெட்டியவற்றை எண்ணெய் தடவிய வாழையிலைத் துண்டுகளில் தனித்தனியாக வையுங்கள். இன்னும் 20 முதல் 30 நிமிடம் எழும்ப விட வேண்டும். அப்போது கையில் எடுத்தால் காற்றெல்லாம் போய்த் தட்டையாகிவிடும். இலையோடு தூக்கி எண்ணெய்க்கு அருகில் கொண்டுபோய்ச் சறுக்கி விட்டால் உருவம் கெடாது. பட்டர் பேப்பரும் ஆகும், வாழையிலை இன்னும் லாகவம்.

எந்த எண்ணெய், எவ்வளவு சூடு? என்கிட்ட தெர்மாமீட்டர் எல்லாம் இல்லை.

மணமில்லாத சூரியகாந்தி எண்ணெய் அல்லது ரீஃபைண்ட் கடலை எண்ணெய். செக்கு நல்லெண்ணெயின் வாசனை ஆப்பிளை முழுங்கிவிடும். செக்குத் தேங்காய் எண்ணெய் நமக்கு வேண்டிய சூட்டிலேயே புகையத் தொடங்கும். அடி கனமான வாணலியில் 5 முதல் 6 செ.மீ. ஆழம் எண்ணெய் இருக்கட்டும்.

சாதாரண டோனட்டுக்கு 175 முதல் 180 டிகிரி என்பார்கள். ஆப்பிள் விழுது சேர்த்த மாவுக்கு அது அதிகம், 165 முதல் 170 போதும். சர்க்கரை குறைந்தால் நிறம் வராது என்று பலர் பயப்படுகிறார்கள், நடப்பது நேர்மாறு. ஆப்பிளின் சர்க்கரையில் பாதிக்கு மேல் ஃப்ரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை. அது சாதாரணச் சர்க்கரையைவிடக் குறைந்த சூட்டிலேயே சிவக்கும், பால், முட்டையின் புரதத்தோடு சேர்ந்தால் இன்னும் வேகமாக.

தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் மிளகு அளவு மாவைக் கிள்ளிப் போட்டுப் பாருங்கள். கீழே போய், இரண்டு மூன்று விநாடியில் சிறு குமிழ்களோடு மேலே வந்தால் சரி. அடியிலேயே தங்கினால் சூடு போதாது. போட்ட உடனே மிதந்து ஓரம் சிவந்தால் அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் பொறுங்கள். ஒரு ஈட்டுக்கு இரண்டு அல்லது மூன்று, ஒவ்வொரு பக்கமும் 75 முதல் 90 விநாடி. அடுத்த ஈட்டுக்கு முன் மறுபடியும் மாவு கிள்ளிப் பார்க்கத் தவறாதீர்கள். நன்றாக எழும்பிய டோனட் பாதி மூழ்கிப் பாதி மிதப்பதால், நடுவில் சுற்றிலும் வெளிர் பட்டை ஒன்று விழும். கடையில் பார்க்கும் அந்த வெள்ளைக் கோடு வந்தால் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது.

மேல கறுத்துப் போகுது, உள்ளே பச்சை மாவா இருக்கு. என்ன தப்பு?

மூன்றில் ஒன்று. சூடு அதிகம் என்பது முதல் சந்தேகம்; மேலே சொன்னபடி 170க்குக் கீழே கொண்டுவாருங்கள். அடுத்து கனம், 12 மி.மீ.க்குப் பதில் 20 மி.மீ. இருந்தால் நடுப்பகுதி வேக நேரம் போதாது. கனம், சூடு இரண்டும் சரியாக இருந்தும் உள்ளே ஈரமாகப் பளபளத்தால் விழுதில் தண்ணீர் மிச்சம்.

வெந்ததா என்று பார்க்க ஒன்றைப் பிட்டுப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. உட்புறம் பஞ்சாக இருந்து, விரலால் அழுத்தினால் திரும்பி எழ வேண்டும். தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு: நடுவில் 93 டிகிரி.

எண்ணெய் ரொம்பக் குடிக்குது. சர்க்கரையைக் குறைச்சதாலயா?

இல்லை. சர்க்கரை கூடினால்தான் எண்ணெய் கூடும். அதிரசம் சுடுகிறவர்களுக்கு இது தெரியும்: வெல்லம் ஒரு பங்கு ஏறிவிட்டால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து, எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு நிற்கும். மைதா மாவிலும் அதைக் கட்டிப்பிடிக்கும் புரத வலையை இனிப்பு தளர்த்திவிடுகிறது. சர்க்கரை குறைந்த மாவு அந்த வகையில் உங்களுக்குச் சாதகமே.

எண்ணெய் குடிப்பதற்கு முதல் காரணம் குறைந்த சூடு, குறிப்பாக ஒரே நேரத்தில் ஆறேழு டோனட்டைப் போட்டு எண்ணெயைக் குளிர வைப்பது. இரண்டாவது, அளவுக்கு மீறி எழும்ப விடுவது. விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். பள்ளம் மெல்லப் பாதி எழும்பினால் பொரிக்க அதுதான் சரியான நேரம். அப்படியே குழியாக நின்றால் எல்லை தாண்டிவிட்டது. அந்த டோனட் எண்ணெயில் விழுந்ததும் பெரிதாக ஊதி, எடுத்ததும் சுருங்கிச் சுருக்கம் விழும், உள்ளே எண்ணெயும் நிற்கும். நேர்மாறாக, சரியாக எழும்பாததன் பக்கவாட்டில் வெடிப்பு விழும்.

எவ்வளவு குடித்தது என்று தெரிய வேண்டுமானால் வாணலியோடு எண்ணெயை முன்னும் பின்னும் எடை போட்டு, வித்தியாசத்தை 12ஆல் வகுங்கள். எடுத்தவுடன் வடிதட்டில் செங்குத்தாகச் சாய்த்து வைத்தாலே கணிசமாக வடியும்.

பொரிச்ச எண்ணெயைத் திரும்ப உபயோகிக்கலாமா?

ஆறியதும் துணியில் வடிகட்டினால் இன்னும் ஓரிரு முறை. டோனட்டில் ஒட்டிய உதிரி மாவு அடியில் கருகி அடுத்த ஈட்டுக்குக் கசப்பைத் தரும், எனவே வடிகட்டுவதைத் தவிர்க்காதீர்கள். நிறம் கறுத்தாலோ, நுரை அடங்காமல் நின்றாலோ, சாதாரணச் சூட்டிலேயே புகைந்தாலோ கொட்டிவிட வேண்டியதுதான். வீட்டிலிருந்து செய்து விற்பவர்கள் கவனிக்க: பொரித்த எண்ணெயில் சேரும் துருவச் சேர்மங்கள் (திரும்பத் திரும்பச் சூடாவதால் எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

அரைக் கிலோ ஆப்பிள் போட்டேன், ஆப்பிள் வாசனையே வரலை. ஏன்?

நியாயமான ஆதங்கம். ஆப்பிளின் மணம் எளிதில் ஆவியாகும் பொருள்களால் ஆனது. நாம் சுண்டக் காய்ச்சும்போது அடுப்படி முழுக்க மணப்பதே அவை சட்டியை விட்டுப் போவதால்தான். மீதமிருப்பது பழத்தின் இனிப்பும் புளிப்பும். அதனால் காய்ச்சிய பின் மணத்தைத் திரும்பக் கொண்டுவர மூன்று வேலைகள் செய்ய வேண்டும். வேகவைக்கும்போது தோல் முடிச்சைச் சேர்ப்பதும், கடைசியில் எலுமிச்சைச் சாறு விடுவதும் ஏற்கெனவே சொன்னவை. புளிப்பு இல்லாத ஆப்பிளை நாக்கு ஆப்பிளாக அடையாளம் காண்பதில்லை, பூசணி என்றுகூட நினைத்துவிடும்.

மூன்றாவது, காய வைத்த ஆப்பிள் பொடி. ஒரு ஆப்பிளைத் தோலோடு 2 மி.மீ. வில்லைகளாகச் சீவி, 90 முதல் 100 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் அப்பளம்போல் முறியும். முழுக்க ஆறியதும் மிக்ஸியில் பொடித்து, மேலே தூவும் சர்க்கரையோடு கலந்துவிடுங்கள். இது சமைத்த விழுதைவிடத் தெளிவாக ஆப்பிள் என்று சொல்லும், தூவலின் அளவையும் கூட்டிக் காட்டும். ஈரக் காற்றில் சீக்கிரம் கட்டியாகும் என்பதால் அன்றன்று பொடிப்பது நல்லது.

எடுத்து வைக்கச் சொன்ன 30 கிராம் விழுதில் இரண்டு தேக்கரண்டி வெந்நீர் கலந்து, பொரித்த டோனட்டின் மேல்புறத்தில் மெல்லியதாகத் தடவுங்கள். அதன்மேல் தூவல் நன்றாக ஒட்டும். பட்டையைப் பொறுத்தவரை, நம் மளிகைக் கடைகளில் கிடைக்கும் தடித்த பட்டை பெரும்பாலும் கேசியா வகை, காரம் கூடியது. இலங்கையின் கறுவா மெல்லிய சுருளாக இருக்கும். அதன் இதமான மணம் ஆப்பிளை அமுக்காது. கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள்.

வெல்லம், கருப்பட்டி, தேன் போட்டா சர்க்கரை இல்லைன்னுதானே அர்த்தம்?

அப்படி அர்த்தமில்லை. வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பகுதி சாதாரணச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். தேன் ஃப்ரக்டோஸும் குளுக்கோஸும். 15 கிராம் சர்க்கரைக்குப் பதில் 15 கிராம் கருப்பட்டி போட்டால் சுவை மாறும், கணக்கு மாறாது. சுவைக்காகப் போடுவதில் தவறில்லை. கருப்பட்டியும் ஆப்பிளும் நல்ல ஜோடி. ஆனால் ‘வெல்லம்தானே’ என்று கை தாராளமாகிவிடுவதால் கடைசியில் சர்க்கரை கூடிப்போகிறது. தேன் சேர்த்தால் இன்னும் சீக்கிரம் கறுக்கும், சூட்டை 165க்கு மேல் விடாதீர்கள்.

ஸ்டீவியா, எரித்ரிட்டால் மாதிரி இனிப்பான்களைப் போடலாமா?

மாவுக்குள் வேண்டாம். எரித்ரிட்டாலை ஈஸ்ட் தின்னாது, அது சிவக்கவும் செய்யாது. அஸ்பார்டேம் சூட்டில் இனிப்பை இழந்துவிடும். ஸ்டீவியாவின் கசப்பு கலந்த பின்சுவை ஆப்பிளோடு சேரும்போது தூக்கலாகத் தெரியும். தூவலில் பாதிச் சர்க்கரைக்குப் பதில் பொடித்த எரித்ரிட்டால் கலக்கலாம். வாயில் லேசான குளிர்ச்சி தெரியும், அது அதன் குணம். எடை குறைப்பதற்காக ஸ்டீவியா, அஸ்பார்டேம் போன்ற இனிப்பான்களை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைத்திருப்பதையும் மனதில் கொள்ளுங்கள்.

‘ஆப்பிள் சைடர் டோனட்’னு ஒண்ணு சொல்றாங்களே. வீட்டில இருக்கற ஆப்பிள் சைடர் வினிகரை ஊத்தலாமா?

கூடாது, இரண்டும் வேறு. அமெரிக்காவில் சைடர் என்றால் ஆப்பிளை நசுக்கிப் பிழிந்த, வடிகட்டாத, புளிக்காத சாறு. வடகிழக்கு மாநிலங்களின் ஆப்பிள் தோட்டங்களில் இலையுதிர் காலத்தில் அந்தச் சாற்றைக் கலந்து டோனட் பொரித்து விற்பார்கள். வினிகர் அதே சாறு புளித்து அமிலமானது. அரை டம்ளர் வினிகரை ஊற்றினால் ஊறுகாய் வாடைதான் மிஞ்சும்.

சைடர் முறையில் சாற்றை ஐந்தில் ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்சிச் சேர்ப்பது வழக்கம். மணம் நன்றாக இருக்கும். ஆனால் 500 மி.லி. தூய ஆப்பிள் சாற்றில் 50 கிராம் சர்க்கரை இருக்கிறது, நார்ச்சத்து அநேகமாக இல்லை. அட்டைப்பெட்டி ஜூஸில் கூடுதல் சர்க்கரையும் சேர்த்திருக்கலாம், பொருள் பட்டியலைப் படியுங்கள். சர்க்கரை குறைப்பதுதான் நோக்கம் என்றால் விழுதே சரி.

முட்டை சேர்க்க மாட்டோம். கோதுமை மாவில செய்யலாமா?

முட்டைக்குப் பதில் பால் இரண்டரை மேசைக்கரண்டி கூடுதலாகவும், வெண்ணெய் 10 கிராம் கூடுதலாகவும் சேர்த்தால் போதும். ஆப்பிளில் உள்ள பெக்டின் என்ற பசைப்பொருள் ஈரத்தைப் பிடித்துக்கொள்வதால் முட்டை இல்லாத குறை பெரிதாகத் தெரியாது.

கோதுமை மாவு மூன்றில் ஒரு பங்கு வரை, அதாவது 100 கிராம் போடலாம். கூடவே 15 முதல் 20 மி.லி. பால் அதிகம் வேண்டும், நம் சக்கி ஆட்டா தண்ணீரை நிறைய இழுக்கும். முழுக்கக் கோதுமையில் செய்தால் இனிப்பு போண்டா மாதிரி இறுகலாக வரும். அது உங்களுக்குப் பிடித்தால் சரி. டோனட்டின் பஞ்சுத்தன்மையை அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

ஈஸ்ட் இல்லாம, அரை மணி நேரத்தில முடியற மாதிரி?

உண்டு, ஆனால் அதில் சர்க்கரையை அவ்வளவு குறைக்க முடியாது. எட்டு டோனட்டுக்கு மைதா 200 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, ஆப்ப சோடா கால் தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, சர்க்கரை 30 கிராம், ஆப்பிள் விழுது 90 கிராம், கெட்டித் தயிர் 60 கிராம், உருக்கிய வெண்ணெய் 20 கிராம். பிசையாமல் கரண்டியால் ஒன்றுசேர்த்து, 20 நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து, பரத்தி வெட்டிப் பொரியுங்கள்.

ஈஸ்ட் மாவுக்கு மென்மையைத் தருவது பொங்குதல். இதற்கு மென்மையைத் தருவது சர்க்கரையும் கொழுப்பும். அதனால் 30 கிராமை 20 ஆக்கினால்கூடக் கடிக்கக் கடினமாகிவிடும். சோடாவையும் கூட்டாதீர்கள். ஆப்பிள், தயிர் இரண்டின் புளிப்புக்கும் கால் தேக்கரண்டி போதும், மிஞ்சினால் சோப்பு வாடை வரும்.

எண்ணெயே இல்லாம ஏர் ஃப்ரையரில?

175 டிகிரியில் 5, 6 நிமிடம். வருவது நல்ல இனிப்பு பன். டோனட்டுக்கு உரிய மேல்தோல் எண்ணெயில்தான் உண்டாகும்.

தூவினது பத்து நிமிஷத்தில நனைஞ்சு பிசுபிசுன்னு ஆயிடுது.

சூட்டோடு தூவினால் உள்ளிருந்து வரும் ஆவி சர்க்கரையைக் கரைக்கும். முழுக்க ஆறிவிட்டால் ஒட்டாது. எடுத்து ஐந்து நிமிடம் கழித்து, கையில் பிடிக்கும் அளவு வெதுவெதுப்பில் தூவுங்கள். நம்மிடம் இருப்பதே 15 கிராம் என்பதால் பாத்திரத்தில் போட்டுப் புரட்டாதீர்கள், அடியில் பாதி வீணாகும். தேநீர் வடிகட்டியில் இட்டு மேல்புறத்தில் மட்டும் தட்டித் தூவினால் 12க்கும் வரும். மூடிய டப்பாவில் அடைத்து எடுத்துப்போவதானால் தூவலைத் தனியாகக் கொண்டுபோங்கள்.

எவ்வளவு நேரம் வெச்சிருக்கலாம்?

அன்றைக்கே சாப்பிட வேண்டிய பண்டம் இது. சர்க்கரை ஈரத்தைப் பிடித்துவைக்கும், அதைக் குறைத்ததால் ஆறு மணி நேரத்துக்குப் பின் வறளத் தொடங்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் மோசம், அந்தக் குளிரில் மாவுச்சத்து வேகமாக இறுகும். மிஞ்சினால் தூவல் இல்லாமல் உறைகுளிர்ப் பெட்டியில் ஒரு மாதம் வரை வைத்து, 160 டிகிரி அவனில் ஐந்து நிமிடம் சூடாக்கலாம். பிசைந்த மாவை வேண்டுமானால் இரவு முழுக்க ஃபிரிட்ஜில் விட்டுக் காலையில் பொரிக்கலாம், சுவையும் கூடும்.

அப்பாவுக்கு சுகர் இருக்கு. இதைத் தாராளமாத் தரலாமா?

தாராளமாக வேண்டாம். ஒரு டோனட்டில் 25 கிராம் மைதா இருக்கிறது. அதில் மட்டுமே 19 கிராம் அளவு மாவுச்சத்து. சேர்த்த சர்க்கரை 2.5, ஆப்பிளிலிருந்து 3. எல்லாம் சேர்ந்து சுமார் 25 கிராம் கார்போஹைட்ரேட், அதற்கு மேல் பொரித்த எண்ணெய். சர்க்கரை நோய் உள்ளவருக்கு மாவுச்சத்தும் சர்க்கரையாகத்தான் ரத்தத்தில் ஏறும். சாப்பாட்டோடு கணக்கிட்டுப் பாதியோ ஒன்றோ தரலாமா என்பதை அவருடைய மருத்துவரிடம் இந்த எண்களைச் சொல்லிக் கேளுங்கள்.

நோய் இல்லாதவர்களுக்கு ஒரு அளவுகோல்: வெளியிலிருந்து சேரும் சர்க்கரை ஒரு நாளைய ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டி. அந்த 5 சதவீதம் என்பது பெரியவர்களுக்குச் சுமார் 25 கிராம்.

உள்ளே ஆப்பிள் பூரணம் வெச்சுப் பொரிச்சா வெடிக்குது.

பூரணத்தின் ஈரம் ஆவியாகி வழி தேடுகிறது, மாவின் ஒட்டுவாய்தான் பலவீனமான இடம். போளிக்கு மூடுவதுபோல் மூடிப் பொரிப்பதைவிட, ஓட்டை இல்லாத வட்டமாகப் பொரித்து, ஆறியபின் பக்கவாட்டில் கத்தியால் குத்தி, கோன் வைத்து 15 கிராம் விழுதைப் பிழியுங்கள். வெடிக்க வாய்ப்பே இல்லை. இதற்கு இன்னொரு 180 கிராம் விழுது, அதாவது 600 கிராம் ஆப்பிள் வேண்டும். ஆப்பிள் சர்க்கரை ஒன்றுக்கு இன்னும் நான்கு கிராமை ஒட்டிக் கூடும் என்பதால், பூரணம் வைத்தால் தூவலை விட்டுவிடலாம். ஓட்டை இல்லாததால் வேகவும் நேரம் கூடும்: 165 டிகிரியில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம்.

அப்போ விழுதை இரண்டு மடங்காக்கிட்டு, சர்க்கரையைச் சுத்தமா விட்டுட்டா என்ன?

பலரும் வந்து சேரும் கேள்வி இது. 120 கிராம் என்பது மைதாவின் எடையில் 40 சதவீதம். 45ஐத் தாண்டினால் நாரும் பெக்டினும் அமிலமும் சேர்ந்து மாவின் புரத வலையை அறுத்துவிடும். மாவு எழும்பாது, நடுவில் களிபோல் ஒரு வளையம் நிற்கும், வெளியே கறுக்கும். முன்பு பார்த்த ‘மேலே கறுப்பு, உள்ளே பச்சை’ அப்படியே திரும்பி வரும், இம்முறை சூட்டைக் குறைத்தாலும் சரியாகாது. 240 கிராம் விழுதில் ஆப்பிள் சர்க்கரையே 65 கிராமுக்கு மேல் இருக்கிறது. குறைத்ததாக நினைத்தது கணக்கில் ஏறிவிட்டிருக்கும்.

சேர்க்கும் சர்க்கரையை இன்னும் குறைத்தே ஆக வேண்டும் என்றால், கை வைக்க வேண்டியது மாவில் உள்ள 15 கிராமில். அதை முழுக்க விட்டுவிட்டு, விழுதை 135 கிராம் ஆக்கி, பாலை 70 மி.லி.யாகக் குறையுங்கள். இரண்டாம் முறை எழும்ப ஐந்து நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள். மேலே தூவும் 15 கிராமைத் தொடாதீர்கள். அதையும் எடுத்துவிட்டால் நாக்குக்குப் பிடிமானம் இல்லாமல் போய், பக்கத்தில் ஜாம் பாட்டில் வந்து உட்கார்ந்துவிடும்.